ரெக்கவரி பார்ட்டிசனைப் பெரிதாக்கித் தரக் கேட்டதற்கு முழு வன்தட்டையும் அழித்தமை தொடர்பான முறைப்பாடு

புதுக்குடியிருப்பு,
முல்லைத்தீவு மாவட்டம்.
14.05.2024

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நிறுவனத்தின் மேசைக் கணினி தொடர்பாக நான் ஏற்கெனவே நான்கு தடவை தொலைபேசியிலும் இரண்டு தடவை நேரிலும் முறையிட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறொருவர் கேட்டார்; ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்தே சொன்னேன். இனிச் சொல்வதற்குத் தெம்பில்லாததால் எழுதுகிறேன்.

தாங்கள் அனுப்பும் ஒரு டெராபைட் வன்தட்டில் கண்ணுக்குத் தெரியாத பார்ட்டிசன்கள், அதாவது தனித்தனியாகப் பிரித்த பகுதிகள், நான்கு இருப்பது தங்களுக்குத் தெரிந்ததே: கணினி தொடங்குவதற்கான 100 எம்பி ஈஎஃப்ஐ, விண்டோஸ் தனக்கென வைத்துக்கொள்ளும் 16 எம்பி ஒதுக்கீடு, சி டிரைவை அடுத்துள்ள, விண்டோஸ் பழுதானால் சரிசெய்வதற்கான ரெக்கவரி, கடைசியில் தங்கள் நிறுவனமே வைத்த 15 ஜிபி தொழிற்சாலைப் பிரதி (கணினியை வாங்கிய நிலைக்கே திருப்புவது). கடந்த ஜனவரியில் வந்த 5034441 இலக்க விண்டோஸ் 10 அப்டேட், ரெக்கவரி பார்ட்டிசனில் 250 எம்பி வெற்றிடம் இல்லாததால் ஏற மறுத்தது. ரெக்கவரியை நிறுத்திவிட்டு, சி டிரைவில் 250 எம்பியைக் குறைத்து, பழைய பார்ட்டிசனை நீக்கிப் பெரிதாக மீண்டும் உருவாக்க வேண்டும் என்று மைக்ரோசொஃப்டே வழிமுறையை வெளியிட்டிருக்கிறது. விண்டோஸிலுள்ள டிஸ்க் மனேஜ்மென்ட் என்ற கருவியில் இதைச் செய்ய முடியாது. அந்தப் பார்ட்டிசனில் வலது கிளிக் செய்தால் உதவி என்பதைத் தவிர வேறெதுவும் வராது. கட்டளை கொடுத்து நானே செய்தால் வாரண்டி போய்விடுமோ என்று அஞ்சி, தாங்கள் செய்து தருமாறு கேட்டேன். நான் கேட்டது இவ்வளவுதான்.

தொலைபேசியில் பேசிய ஒருவர், வன்தட்டில் 931 ஜிபி மட்டும் காட்டுவதைக் கேட்டுவிட்டு, மிகுதி 69 ஜிபியும் மறைவான பார்ட்டிசன்களுக்குள் இருப்பதாகச் சொன்னார். தயாரிப்பவர் ஆயிரத்தாலும் விண்டோஸ் 1024 ஆலும் கணக்கிடுவதால் வரும் வித்தியாசம் அது. இன்னொருவர், மறைந்திருப்பவை எல்லாவற்றையும் அழித்தால் இடம் கூடும் என்றார். அவர் சொல் கேட்டு ஈஎஃப்ஐயையும் அழித்திருந்தால் கணினி அன்றே எழும்பாமல் போயிருக்கும்.

பின்னர், தங்கள் ஆலோசனைப்படியே, கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பரந்தனில் பேருந்து மாறி யாழ்ப்பாணம் வந்தேன். முதல் நாள், திருத்துநர் வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வரச் சொன்ன நாளில்தான் வந்தேன், ஐயா. அடுத்த கிழமை மீண்டும் வந்தபோது முன்மேசையில் இருந்தவர், நான் எழுதிக் கொண்டுபோன தாளை வாசிக்காமலே தள்ளிவைத்து, "வன்னியில இருந்து வந்து எங்களுக்குப் பார்ட்டிசன் படிப்பிக்கிறீங்களோ?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் அருகில் நின்றாள். அந்தத் தாளில், எங்கள் கோப்புகள் உள்ள டி டிரைவைத் தொட வேண்டாம் என்று சிவப்பு மையில் இரண்டு தடவை எழுதியிருந்தேன்.

அவர்கள் செய்தது, அந்தத் தொழிற்சாலைப் பிரதியை இயக்கி முழு வன்தட்டையும் வாங்கிய நாளின் நிலைக்குக் கொண்டுவந்தது. டி டிரைவ் வெறுமையாயிற்று. எங்கள் கமக்காரர் அமைப்பின் மூன்று வருடக் கணக்குகளும், மகளின் உயர்தரப் பாடக் குறிப்புகளும் அதில் இருந்தன. 2009 இல் உடுத்த உடையோடு வெளியேறிய எங்களுக்கு, வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் தங்களிடமிருந்த பழைய படங்களைப் பிரதி எடுத்து அனுப்பியிருந்தார்கள். அவையும் போயின. என் தாயாரின் முகத்தை நாங்கள் இரண்டாவது தடவையாக இழந்திருக்கிறோம். இதற்கு எந்தத் தொகையும் ஈடாகாது. ரெக்கவரி பார்ட்டிசனோ பழைய அளவிலேயே இருக்கிறது, அப்டேட் அதற்குப் பிறகும் அதே பிழையையே காட்டியது. இதற்கு 4,500 ரூபா பற்றுச்சீட்டும் தந்தார்கள். தாளைத் தள்ளிவைத்த அதே கைதான் பணத்தை எண்ணி வாங்கியது.

தங்கள் நிறுவனத்தின் மீது எனக்கு இன்னமும் மதிப்புண்டு. அதனால்தான் முதலில் தங்களுக்கு எழுதுகிறேன். வன்தட்டில் புதிதாக ஏதும் பதிவானால் அழிந்தவற்றை மீட்க முடியாமல் போகலாம் என்பதால் கணினியை இயக்காமல் மூடி வைத்திருக்கிறேன். தயவுசெய்து தங்கள் செலவில் ஆளனுப்பி வன்தட்டை எடுத்துச் சென்று, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். 4,500 ரூபாவைத் திருப்பித் தாருங்கள். ரெக்கவரி பார்ட்டிசனை, இம்முறையாவது, நான் கேட்டபடி திருத்துங்கள். முன்மேசையில் இருந்தவர் என் மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னிடம் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், பற்றுச்சீட்டையும் அந்தத் தாளின் பிரதியையும் இணைத்து, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்க எனக்கு யாழ்ப்பாணம் வரத் தேவையில்லை.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்