சூளையையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் பற்றிய கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால், அவர் குடியிருந்த 'தி ஓக்ஸ்' வீட்டை 'ஆடம்பர மாளிகை' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனதை ஏற்க முடியவில்லை.

படத்தில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அமெரிக்காவின் அலபாமாவில், அவர் நடத்திய டஸ்கிகீ கல்வி நிலையத்தை ஒட்டி 1899-ல் எழுந்த விக்டோரியா காலத்துப் பாணி வீடு. சரி, அதன் செங்கல் எங்கிருந்து வந்தது?

1881-ல் நிலையம் தொடங்கியபோது அந்த ஊரில் சூளையே கிடையாது. செங்கலைத் தாங்களே அறுக்க, மாணவர்கள் முழங்கால் அளவு சேற்றில் இறங்கி வேலை செய்தார்கள். இந்தச் சேற்று வேலை பிடிக்காமல் சிலர் படிப்பையே விட்டுவிட்டுப் போனார்கள். முதல் சூளையில் அடுக்கிய சுமார் 25,000 கல்லும் சரியாக வேகவில்லை. இரண்டாவதும் வீண். மூன்றாவது வெந்து முடியும் தறுவாயில் நள்ளிரவில் சரிந்தது. கையில் ஒரு டாலர்கூட இல்லாத வாஷிங்டன், மாண்ட்கோமரி நகருக்குப் போய்த் தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளையைப் போட்டார். அது வெந்தது. கெடு முடிவதற்குள் பணம் புரட்ட முடியாமல் கடிகாரம் மூழ்கிப்போனது. இதையெல்லாம் அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அப்படி வளர்ந்த சூளையில் மாணவர்கள் சுட்ட கல்லில்தான் இந்த வீடும் எழுந்தது. வரைபடம் போட்டவர் ராபர்ட் டெய்லர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) 1892-ல் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர் அவர். அடிமையாகப் பிறந்த ஒருவர், தன் இனத்துக் கட்டடக் கலைஞர் வரைந்து, தன் மாணவர்கள் கட்டிய வீட்டில் 1915-ல் சாகும்வரை வாழ்ந்தார். அதை ஆடம்பரம் என்று எப்படிச் சொல்வது?

வாஷிங்டனின் அரசியலை நான் முழுதாக ஏற்கவில்லை. தொழில் கற்றால் போதும், உரிமை மெல்ல வரட்டும் என்ற அவர் போக்கை, சம உரிமைக்குப் போராடிய கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் கடுமையாக எதிர்த்தது நியாயமே. ஆனால் அந்த வழக்கில் இந்த வீட்டையும் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

1974-ல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்ட டஸ்கிகீ வளாகத்தில் இந்த வீடும் அடக்கம். டெய்லருக்கு 2015-ல் அமெரிக்கா அஞ்சல் தலையே வெளியிட்டது. அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். கூடவே, மாணவர்கள் செங்கல் அறுக்கும் பழைய படம் ஒன்று கிடைத்தால் அதையும் போடுங்கள்.

– வாசகர், கரூர்