வட்டக்கானல் பாதைக் கணப்புக் குடில்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். கொடைக்கானல் மலையில், வெள்ளகவியிலிருந்து வட்டக்கானலுக்கு ஏறும் வழியில் நாம் பார்த்துக்கொள்ளும் குடிலில் வேலை முடிந்தது. பட்டா நிலத்தில் இருக்கும் பழைய கட்டிடம், அதனால் காட்டுப் பக்கம் ஒரு கல்கூட நகரவில்லை.

கூரைத் தகரம் மாற்றி உள்ளே பலகை அடித்தோம். சாமான் எல்லாம் குதிரையில் போனது, தகரம் மட்டும் ஆள் தலையில்.

பணத்தையும் பொறுமையையும் தின்றது கணப்புதான். போன ஐப்பசியில் கும்பக்கரையிலிருந்து ஏறிய பையன்கள் சிலர் மழையில் தொப்பலாக நனைந்து அங்கே ஒதுங்கி, ஈர விறகைப் போட்டு, கதவு ஜன்னலை இறுகச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள். தலைவலி, வாந்தி. ஒருவன் எழுந்து கதவைத் திறந்ததால் பிழைத்தார்கள். மூடிய அறைத் தீயிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுதான் காரணம். அதற்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. புகையாவது கண்ணை எரித்து எழுப்பும், இது தூங்க வைத்துவிடும். அப்புறம் புகைபோக்கியைக் கழற்றினால் பாதிக் குழாய் தார் போன்ற கரி, ஈர விறகின் உபயம். அது பற்றினால் குழாயே எரியும்.

இப்போது மூடி வைத்த இரும்பு அடுப்பு, கூரைக்கு மேல் 3 அடி நிற்கும் புதுக் குழாய், அதன் வாயில் பொறி பறக்காமல் வலை. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத் தீ மலையேறியவர்களைப் பலிகொண்டது நமக்குத் தெரியும், ஆகவே மாசி பிறந்தால் கோடை மழை வரை அடுப்புக்குப் பூட்டு, கம்பளி மட்டும்தான்.

சுவரின் அடியில் விட்டிருக்கும் காற்றுத் துவாரத்தைப் பார்த்து, குளிருக்குக் கட்டிய வீட்டில் ஓட்டையா என்று மூன்று பேர் கேட்டாயிற்று. ஒரு புண்ணியவான் சாக்கே திணித்துவிட்டார்! தயவுசெய்து வேண்டாம். உள்ளே காற்று வராமல் தீ எரிந்தால் வருவது அந்த விஷவாயுதான்.

விறகு நம் நிலத்து வாட்டில் மரம், பிளந்து ஒரு கோடை முழுக்கக் காயவைத்தது. நனைந்து வருபவருக்கு முதலில் துணியை மாற்றுங்கள், தீ அப்புறம். பிராந்தி கொடுக்காதீர்கள், தோல் சூடானதுபோல் இருக்கும், உடம்புச் சூடு வெளியே போய்விடும். இதைக் கதவில் எழுதி வைத்திருக்கிறோம்.

வரவு செலவுப் புத்தகம் அடுத்த கூட்டத்தில் மேசையில் இருக்கும். வலையில் கரி அடைக்கும், அடுப்பு எரிகிற மாதங்களில் மாதம் ஒருமுறை ஏறித் தட்டவேண்டும். கார்த்திகைக்கும் மார்கழிக்கும் ஆள் வந்தாயிற்று, தை மாதத்துக்கு இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை.