அந்த இரண்டு நாளுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுக்கிறேன். பொறியியல் தரவரிசைப் பட்டியல் வந்த மறுநாள், முதல் பத்து இடம் பிடித்த பிள்ளைகளின் படங்களை உங்கள் நாளிதழில் பார்த்தேன். சந்தோஷம். ஆனால் 200-க்கு 200 வாங்கிய பிள்ளைக்கு வழி சொல்ல வீட்டிலும் ஆள் உண்டு, பள்ளியிலும் ஆள் உண்டு. என் கடைக்கு வருவது 130, 145, 160 வாங்கிய பிள்ளைகள். அப்பா எஸ்டேட்டில் கவாத்துக்குப் போவார், அம்மா மிளகு பறிக்கப் போவார். வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். பொறியியல் கலந்தாய்வில் வந்த இடத்தை உறுதிசெய்யத் தரும் இரண்டு நாளில் தடுமாறும் இவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

மே மாதம் பிளஸ் டூ முடிவு வருகிறது. பொறியியல் இடம் கைக்கு வர ஜூலை ஆகிவிடும், பலருக்கு ஆகஸ்ட். நடுவில் இருக்கும் அந்த வாரங்களில் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை, யாரும் இருக்க விடுவதும் இல்லை. அரசு கலைக் கல்லூரிக் கலந்தாய்வு முதலில் வந்துவிடும். ஒரே விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரி கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகத் தரவரிசை போட்டு, தனித்தனி நாளில் கூப்பிடும். எங்கள் மலையில் பெண் பிள்ளை இருக்கும் வீடுகளில் முதல் பேச்சே கோரிமேடு அரசு மகளிர் கலைக் கல்லூரிதான். பாடத்தைப் பார்த்து அல்ல. சேலத்துக்கு இறங்கும் ஏற்காடு பஸ் அந்த வழியாகப் போகிறது. செரி ரோடு அரசு கலைக் கல்லூரி 1857-லிருந்து இருக்கும் கல்லூரி, பெயர் பெற்றது. ஆனால் அங்கே போக டவுனுக்குள் இறங்கி மாற வேண்டும். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி என்றால் பெங்களூரு ரோட்டில் ஊருக்கு அந்தப் பக்கம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, அதற்கு மேல் இன்னொரு பஸ் பிடித்து, சாயங்காலம் மழையில் திரும்ப ஏறி வர வேண்டும். அதனால் விடுதி கிடைக்குமா என்று தெரியாமல் அந்தப் பெயரைப் பட்டியலில் எழுதவே பல வீடுகளில் தயங்குகிறார்கள். கல்லூரி முடிவான பிறகுதான் விடுதிப் பேச்சே வரும் என்பது வேறு விஷயம்.

கோரிமேட்டில் பி.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்து வகுப்புக்கும் போய்க்கொண்டிருக்கும் பெண்ணுக்கு ஒரு நாள் திடீரென்று போனில் மெசேஜ் வருகிறது. பொறியியல் கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்திருக்கிறதாம். அதை உறுதிசெய்ய இரண்டு நாள் தருகிறார்கள். செய்யாவிட்டால் இடம் போய்விடும்.

இரண்டு நாள் போதாதா என்று சென்னையில் இருப்பவர் கேட்கலாம். போன மழையில் நடந்ததைச் சொல்கிறேன். வேலை முடிந்து ஓர் அப்பாவும், கோரிமேட்டில் அப்படிச் சேர்ந்திருந்த அவர் மகளும் நனைந்துகொண்டே வந்தார்கள். பாஸ்வேர்டை ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் பென்சிலில் எழுதி வைத்திருந்தாள், ஈரத்தில் பாதி அழிந்திருந்தது. புது பாஸ்வேர்டு போடலாம் என்றால் ஓ.டி.பி. வர வேண்டும். பதிவுசெய்த போன் எண்ணோ திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணனுடையது. விண்ணப்பம் போடும்போது வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் அவனுடையதுதான். ஷிப்ட் நேரத்தில் அங்கே போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்களாம். அவன் டீக்கு வெளியே வரும்வரை அப்பா என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, "பாப்பாவுக்கு சீட்டு வந்துருக்குதுங்களா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நெட் கூடவே போய்ப் போய் வந்தது. கடைசியில் உள்ளே நுழைந்தோம். இடம் வந்திருந்தது. வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுத்த விருப்பப் பட்டியலில் அவள் நான்காவதாகப் போட்ட கல்லூரி.

அதற்கப்புறம்தான் அசல் சிக்கல். திரையில் வரிசையாக ஆங்கிலத்தில் விருப்பங்கள்: அக்செப்ட் அண்ட் ஜாயின், அக்செப்ட் அண்ட் அப்வர்ட், டிக்ளைன் அண்ட் அப்வர்ட், கீழே இன்னும் இருக்கின்றன. "எத அமுக்கணும்க்கா?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்கிறாள். நான் ஜெராக்ஸ் போடுகிறவள். ஒரு பிள்ளையின் நான்கு வருடத்தை என் விரலால் அமுக்க எனக்கு என்ன உரிமை? ஆனாலும் அந்த நேரத்தில் அந்த மலையில் கேட்க வேறு ஆள் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முதலாவது, கிடைத்தது போதும், சேர்ந்துவிடுகிறேன். இரண்டாவது, இதை வைத்துக்கொள்கிறேன், நான் மேலே கேட்ட மூன்றில் எதிலாவது இடம் காலியானால் அங்கே மாற்றிவிடு. மாறிவிட்டால் பழைய இடத்தைத் திரும்பக் கேட்க முடியாது. மூன்றாவது, இது வேண்டாம், மேலே இருப்பது வந்தால் மட்டும் கொடு. வரவில்லையென்றால் இப்போதைக்குக் கையில் ஒன்றும் இருக்காது. அப்பா இரண்டாவதுதான் சரி என்றார். எஸ்டேட்டில் கணக்குப் பார்த்துக் கூலி வாங்கிப் பழகியவர், சட்டென்று பிடித்துக்கொண்டார். சொல்லுகிற விதத்தில் சொன்னால் இவர்களுக்குப் புரியாமல் இல்லை.

ஆசிரியர் அவர்களே, இந்த விளக்கம் ஏன் உங்கள் நாளிதழில் வருவதில்லை? கலந்தாய்வின் ஒவ்வொரு சுற்றும் தொடங்குவதற்கு முதல் நாள் அரைப் பக்கம் போதும். விருப்பப் பட்டியலை எந்த வரிசையில் போடுவது என்றும் அதில் சொல்லுங்கள். "நம்ம மார்க்குக்கு அதெல்லாம் கிடைக்காது" என்று பயந்துகொண்டு, ஆசைப்பட்ட கல்லூரியைக் கீழேயும், நிச்சயம் கிடைக்கும் கல்லூரியை மேலேயும் போடுகிற பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைத்தான் கம்ப்யூட்டர் கொடுக்கும். கிடைக்காததை மேலே எழுதினால் நஷ்டம் எதுவும் இல்லை. ஆசைப்பட்டதைக் கீழே எழுதினால், கிடைத்திருக்க வேண்டியதுகூடக் கிடைக்காது. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம் என்பதே பலருக்குத் தெரியாது. ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருப்பதால் பெயரை விட்டு, கல்லூரிக்குக் கொடுத்திருக்கும் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். கருப்பூர் அரசுக் கல்லூரி 2615. அதேபோல, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வுக்குள்ளேயே வராது என்றும் ஒரு வரி போடுங்கள். "பல்கலைக்கழகம்னா காலேஜை விடப் பெருசுதானுங்களே?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் அதிகம்.

அடுத்தது விளம்பரம். மே, ஜூன் மாதங்களில் எல்லா நாளிதழிலும் தனியார் கல்லூரிகளின் முழுப் பக்க விளம்பரம். விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடக்காது, தெரியும்; என் கடைச் சுவரிலும் மூன்று கல்லூரிக் காலண்டர் தொங்குகிறது. குறை அதில் இல்லை. அந்த விளம்பரத்தைத் தொடர்ந்து போன் வருகிறது, போனைத் தொடர்ந்து கார் வருகிறது. மதிப்பெண் வந்த அன்றே வீட்டு எண் அவர்களுக்கு எப்படிப் போகிறதோ! நாகலூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு இப்படித்தான் ஒரு கல்லூரிக்காரர்கள் வந்தார்கள். பெயர் எழுதவில்லை. "கலந்தாய்வுக்குக் காத்திருந்தா சீட்டு இருக்காது, இப்பவே பிடிச்சுக்குங்க" என்று சொல்லி 15,000 ரூபாய் முன்பணமும் அசல் மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் வாங்கிக்கொண்டு போனார்கள். பணம் சுயஉதவிக் குழுக் கடன்.

அந்த நாகலூர் வீட்டுப் பெண் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள். கலந்தாய்வு வழியாக அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. 2021 முதல் நடப்பில் இருக்கும் சட்டம் இது. நிர்வாக ஒதுக்கீட்டில் நேரே போய்ச் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. முதல் பட்டதாரிச் சலுகையும் அப்படித்தான். வந்தவர்கள் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லப் போகிறார்கள்!

ஜூலையில் அவளுக்குக் கலந்தாய்விலேயே இடம் வந்தது. அசலைக் கேட்கப் போனால், முழு வருடக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்கள். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-லேயே பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. கட்டணத்துக்கும் விதி உண்டு. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுப் பணம், அக்டோபர் 31 வரை என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி என்று சுற்றறிக்கையே வந்தது. அதைப் பிரின்ட் எடுத்து அவள் அப்பா கையில் கொடுத்தனுப்பினேன். தாளைப் பார்த்ததும் சான்றிதழ் வந்துவிட்டது. பணம் வரவில்லை. இன்றைக்கும் "அடுத்த வாரம் வாங்க" என்கிறார்களாம். சேலம் இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போகிறது. 15,000-ஐ வாங்குவதற்குள் அவருக்கு அதில் பாதி செலவாகிவிடும், அது அந்தக் கல்லூரிக்கும் தெரியும்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் உங்கள் மூலமாக ஒரு கோரிக்கை. கலந்தாய்வு உதவி மையம் என்று எங்களுக்குத் தெரிந்தது கருப்பூர்தான். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இரண்டு நாளுக்கு மட்டுமாவது ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்திலோ அரசுப் பள்ளியிலோ விவரம் தெரிந்த இரண்டு ஆசிரியர்களை ஒரு கம்ப்யூட்டருடன் உட்கார வைக்கலாம். பட்டிபாடி, வேலக்காடு, மஞ்சக்குட்டைப் பிள்ளைகள் அங்கே வந்துவிடுவார்கள். என் கடையில் வியாபாரம் குறையும், குறையட்டும். மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் தர வேண்டும். அதற்கும் விண்ணப்பம் போட்டுவிட்டு, "என்னாச்சுன்னு பாருங்கக்கா" என்று என் கடை வாசலிலேயே காத்திருக்கிறார்கள். பிளஸ் ஒன் படிக்கும்போதே பள்ளியில் முகாம் போட்டுக் கொடுத்துவிட்டால் ஜூன் மாதத்தில் ஒரு கவலை குறையும்.

நான் சொன்ன அந்த நான்காவது கல்லூரிப் பெண்ணுக்கு அப்வர்டில் மேலே எதுவும் கிடைக்கவில்லை. நான்காவதிலேயே சேர்ந்துவிட்டாள். வீட்டில் யாருக்கும் வருத்தம் இல்லை, எனக்குத்தான் கொஞ்சம் இருந்தது. கோரிமேட்டில் அவள் விட்டுவந்த கணித இடத்துக்கு அடுத்து யாரையாவது கூப்பிட்டார்களா என்று விசாரித்தேன். பதில் இல்லை. உங்கள் சேலம் நிருபர் விசாரித்து எழுதினால் நல்லது. இப்படி நடுவில் காலியாகும் இடங்கள் ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும் எத்தனை, அதில் எத்தனை திரும்ப நிரம்புகிறது என்று.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
ஒண்டிக்கடை, ஏற்காடு.
(பெயர் வெளியிட வேண்டாம். அந்தக் கல்லூரியில் பணம் இன்னும் வர வேண்டியிருக்கிறது.)

பி.கு.: இடமிருந்தால் இதையும் போடுங்கள். கலந்தாய்வு முடியும்வரை யார் கேட்டாலும் நகலை மட்டும் கொடுங்கள். அசலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் என்னென்ன சான்றிதழ் வாங்கினார்கள் என்று கல்லூரி முத்திரையோடு எழுதி வாங்குங்கள். விண்ணப்பத்தில் கொடுக்கும் போன் எண் வீட்டிலேயே இருக்கும் போனுடையதாக இருக்கட்டும்.