டேவிட் ஐந்தில் நின்ற யானை

தக்கலை

அன்பு மக்கா,

நலம்தானே? உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மகளுக்கு வரன் அமைந்த செய்தியை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இங்கே மழை விட்டபாடில்லை. கொல்லையில் மட்டிக்குலை பழுத்து வீடெங்கும் மணக்கிறது.

போன மாதம் நாகர்கோவிலில் ஒரு செஸ் போட்டியில் ஆடினேன். எல்லோரும் ஆடும் பொதுப்போட்டி. தக்கலையில் தனியாகத்தான் பஸ் ஏறினேன். வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் என்று கண்டக்டர் கூப்பிடக் கூப்பிட, முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் போல மனம் அடித்துக்கொண்டது.

நீ கடைசியாகப் பார்த்தபோது குழாய் வழியே பார்ப்பதுபோலக் கொஞ்சம் பார்வை மிச்சமிருந்தது. இப்போது அதுவும் இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். முகத்துக்கு நேரே நீட்டிய கையின் உருவம் தெரியாது. விளையாட்டில் இதைப் பி1 பிரிவு என்கிறார்கள். 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில், பி1 ரேபிட் செஸ்ஸில் தர்பன் இனானி தங்கம் வாங்கினார். வெள்ளியும் வெண்கலமும்கூட நம் நாட்டுக்கே வந்தன. அந்தச் செய்தியைக் கேட்ட அன்றுதான் எனக்கென ஒரு பலகை வாங்குவது என்று முடிவு செய்தேன்.

அந்தப் பலகையை நீ தொட்டுப் பார்க்க வேண்டும். கறுப்புக் கட்டங்கள் சற்றே மேடாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு துளை. காயின் அடியில் இருக்கும் ஆணி அதில் இறங்கி நிற்கும். கறுப்புக் காய்களின் உச்சியில் சிறு முனை உண்டு. பத்து விரலாலும் தடவினாலும் ஒன்றும் கவிழாது. உன் வீட்டுப் பலகையில் நான் தடவியபோது குதிரையும் சிப்பாயும் சரிந்து தரையில் உருண்டது நினைவிருக்கிறதா?

தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும் என்பது நாம் சிறுவயதில் கற்ற சட்டம். தடவாமல் ஆட முடியாத என் போன்றவனுக்கு அதை எப்படிப் பொருத்துவது? துளையிலிருந்து வெளியே எடுத்தால்தான் ‘தொட்டது’ என்று விதியில் எழுதியிருக்கிறார்கள். முதலில் அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எங்களுக்கு விரல்தான் கண் என்பதை யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள், மக்கா.

எதிராளிக்கு வழக்கமான பலகை, எனக்கு என் பலகை. ஒவ்வொரு நகர்த்தலையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லித் தம் பலகையில் வைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் சேர்த்துத்தான் சொல்வோம். பி, டி, இ எல்லாம் காதில் ஒன்றுபோலக் குழம்பும் என்பதால் எழுத்துகளுக்குப் பெயர் உண்டு: அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, பெலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர்.

மூன்றாவது சுற்றில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். உட்காரும்போதே பின்னாலிருந்து ஒரு பெரியவர், “சாரோடு கொஞ்சம் பார்த்து ஆடு தம்பி” என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பையன் பதிலே சொல்லவில்லை. “ஈவா நான்கு” என்று தொடங்கினான்.

நடுவில் இரண்டு பலகையும் ஒத்துவரவில்லை. நடுவர் வந்து, நான் ரெக்கார்டரில் பேசிவைத்ததையும் அவன் எழுதிவைத்ததையும் ஒப்பிட்டார். அவன்தான் ஒரு சிப்பாயைக் கட்டம் தவறி வைத்திருந்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டு முன்னிலும் கடுமையாக ஆடினான். என் ராஜாவின் முன்னிருந்த சிப்பாய்களை ஒவ்வொன்றாக உடைத்தான். கடைசியில் என் விரல்கள் ராஜாவைச் சுற்றி ஒவ்வொரு கட்டமாகப் போய்வந்தன, ஒளிய இடமில்லை. தோற்றேன். கை கொடுத்தபோது அவன் உள்ளங்கை வியர்த்து ஈரமாக இருந்தது. என்னை வெல்ல ஒருவன் வியர்த்திருக்கிறான்! வடசேரியில் ஒரு ரசவடையும் கட்டன் சாயாவும் வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன். அத்தனை நிறைவாகச் சாப்பிட்டு வெகுநாள் ஆயிற்று.

இத்தனை வருடம் சொல்லாததை இப்போது சொல்லிவிடுகிறேன். நாம் கடைசியாக ஆடிய ஆட்டத்தில் உன் யானையை டேவிட் ஒன்றிலிருந்து டேவிட் ஐந்துக்குக் கொண்டுவந்து வைத்தாய். பெலிக்ஸ் ஆறில் என் குதிரை அதற்காகவே காத்திருந்தது. நீ பார்க்காமல் விடுகிறவன் இல்லை. நானும் ஒன்றும் தெரியாததுபோல வெட்டினேன், ஜெயித்தேன். அதன்பிறகு நீயும் பலகையை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. உன் அன்பு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பார்வை போனதைவிட அந்த யானைதான் என்னை அதிக நாள் தூங்கவிடவில்லை.

மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைவிழாவுக்கு வருவதாக எழுதியிருந்தாய். அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அந்த ஆட்டம் முழுவதும் எனக்கு மனப்பாடம். காய்கள் நின்ற இடங்களைத் தனித்தாளில் எழுதச் சொல்லி இத்துடன் வைத்திருக்கிறேன். அதன்படி பலகையை அடுக்கு. என் குதிரை பெலிக்ஸ் ஆறிலேயே நிற்கட்டும். உன் யானையை எடுத்து மறுபடியும் டேவிட் ஒன்றில் வை.

நகர்த்த வேண்டியது நீ.

அன்புடன்,
உன் பழைய எதிராளி