கீற வேண்டாம் என்று வாங்கும் கையெழுத்து

கன்னியாகுமரி மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், நிலையங்களில் விபத்து வழக்குகளை விசாரிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் நாகர்கோவிலில் வக்கீல் குமாஸ்தா. விபத்து இழப்பீட்டு மனுக்களுக்குக் காகிதம் சேர்ப்பதுதான் பிழைப்பு. எந்தக் காகிதம் இல்லாமல் ஒரு குடும்பம் தோற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவன்.

தக்கலைப் பக்கம் விடியற்காலையில் பால் வாங்க நடந்துபோன முதியவரை ஒரு பைக் தட்டியது. இடுப்பெலும்பு முறிவு, தலையில் சின்ன அடி. காயவழக்கு பதிவானது. இருபதாம் நாள் வீட்டில் இறந்தார். பேரன் நிலையத்துக்குப் போய்ச் சொன்னான். "பாட்டாவ கீறணுமா சார்? வேண்டாமே" என்று அழுதிருக்கிறான். உடற்கூறாய்வு வேண்டாம் என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மதியத்துக்குள் அடக்கம் முடிந்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை; அந்த நேரத்தில் அது இரக்கமாகவே தெரிந்திருக்கும்.

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் கேட்டது இரண்டே கேள்வி. "அவருக்குச் சர்க்கரை இருந்ததா?" இருந்தது. "மாரடைப்பில் சாகவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" பேரனிடம் பதில் இல்லை.

நடந்து போனவர் இறந்த வழக்கில் இரண்டு முடிச்சு உண்டு. ஓட்டியவரின் கவனக்குறைவால் அடிபட்டார் என்பது ஒன்று. அந்த அடியால்தான் இறந்தார் என்பது மற்றொன்று. முதல் முடிச்சில் சட்டம் தாராளமானது. குற்ற வழக்கைப்போல ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும் என 2009-இல் பிம்லா தேவி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டாவது முடிச்சிலும் அளவுகோல் அதுதான். ஆனால் அதைப் பார்த்தவர் சாட்சியை மட்டும் வைத்து அவிழ்ப்பது கடினம். மருத்துவரின் எழுத்து வேண்டும்.

வயதானவர்களுக்கு இது சிக்கலானது. மூளை சுருங்கியிருப்பதால் சின்ன அடியிலும் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, வாரக்கணக்கில் கழித்துத்தான் ஆளை விழத்தாட்டும். இடுப்பு முறிந்து படுத்தவருக்குக் காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கும், நிமோனியா என்னும் சளிக்காய்ச்சலும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே 'வயசாகிச் செத்தாரு'தான். உடற்கூறாய்வுதான் பிரித்துச் சொல்லும்.

மோட்டார் வாகனச் சட்டம் 166(5) ஓர் ஆறுதல் தருகிறது: இறப்புக்கும் காயத்துக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், காயத்துக்கான இழப்பீட்டு உரிமை வாரிசுக்குப் போகும். ஆனால் அது காயத்துக்கு மட்டும். அவர் உழைப்பை நம்பியிருந்த குடும்பத்தின் இழப்பைக் கேட்க, அந்த இரண்டாவது முடிச்சு அவிழ்ந்தாக வேண்டும்.

எனவே நான் கேட்பது. மரணத் தகவல் வந்ததும் வழக்கின் பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புங்கள். இறப்பின் காரணத்தில் சந்தேகம் இருந்தால் உடலை மருத்துவரிடம் அனுப்பச் சொல்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு. அது உங்கள் கடமை. குடும்பத்தின் விருப்பத்துக்கு விட்டதல்ல. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்று அங்கேயே இறந்தவர்களின் ஆவணங்களை நீங்களே கேட்டு வாங்குங்கள். மலையாளத்தில் எழுதிய பிரேத விசாரணை அறிக்கையை வைத்துக்கொண்டு விதவைகள் எங்கள் அலுவலக வாசலில் நிற்கிறார்கள்.

முதல் முடிச்சுக்கும் ஒரு வார்த்தை. விபத்து நடந்த இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரில் 'சாலையைக் கடந்தபோது' என்று மட்டும் எழுதினால், 'குறுக்கே பாய்ந்தார்' என்று எதிர்த்தரப்பு வாசிக்கும். செருப்பு எங்கே கிடந்தது, டயர் தடம் எத்தனை மீட்டர், தெருவிளக்கு எரிந்ததா என்று வரைபடத்தில் குறியுங்கள். பக்கத்துக் கடையின் கேமரா பதிவை அன்றைக்கே எடுங்கள். பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகள்படி முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்திலும் விரிவான அறிக்கை 90 நாளிலும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். குடும்பம் மனுப்போடச் சட்டப் பிரிவு சொல்வது ஆறே மாதம்தான் என்பதால் உங்கள் தாமதம் அவர்கள் கணக்கில் ஏறுகிறது.

அடுத்த முறை ஒரு பேரன் அழுதுகொண்டு வந்து நின்றால், வெள்ளைத்தாளை எடுக்காதீர்கள். அவனை உட்கார வைத்து, கீறாமல் புதைத்தால் வழக்கில் எது போகும் என்று இரண்டு நிமிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு உடலை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நாகர்கோவிலிலிருந்து ஒரு வக்கீல் குமாஸ்தா