வீட்டுக்கு அனுப்பும் முன் செய்து காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறோம். போன மாதம் என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. காயத்தடியில் ஊறும் நீரை வடிக்க விலாவில் ஒரு குழாய், அந்த நீர் வந்து சேர அதன் முனையில் சாத்துக்குடி அளவில் ஒரு ரப்பர் உருண்டை. அதோடுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்த தாள் மலையாளத்தில் இருந்தது. பேசினால் எங்களுக்குப் புரியும், வாசிக்கத் தெரியாது.

முதல் நாள் நீரைக் கொட்டிவிட்டு மூடியை அப்படியே அடைத்துவிட்டேன். உருண்டை உப்பியே இருந்தது. மறுநாள் காலை வரை ஒரு சொட்டு இறங்கவில்லை. இவளுக்கோ காயத்தடியில் வீங்கிக் கனத்தது. பக்கத்துத் தெரு நர்ஸம்மா வந்துதான் காட்டினார்: உருண்டையை நன்றாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி, பிடியை விடாமலே மூடியைப் போட வேண்டும். அது மறுபடி விரியப் பார்க்கும் விசைதான் நீரை இழுக்கிறது. சரி, இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

அப்புறம் காலையும் மாலையும் சோப்புப் போட்டுக் கை கழுவி, அளவுக் குப்பியில் ஊற்றிப் பார்த்து, நாள் கணக்கைக் காலண்டரில் எழுதினேன். 80 மில்லி, 65, 40. சிவப்பு வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்தது. இரண்டு நாள் தொடர்ந்து 30 மில்லிக்குக் கீழே இருந்ததும் டாக்டர் குழாயை எடுத்துவிட்டார்.

காய்ச்சல், கெட்ட நாற்றம், திடீரென்று புது ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதும் நர்ஸம்மா சொல்லித்தான் தெரியும். எங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழில் மட்டுமே படித்தவர்கள் நிறையப் பேர். இந்தப் பக்கத்து மருத்துவமனைகள் அந்தத் தாளைத் தமிழிலும் அச்சிட வேண்டும். அனுப்பும் முன் வீட்டார் கையாலேயே ஒருமுறை செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்