மாத்திரை

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நீ ஏழு வயதில் கேட்டதற்கு இப்போதுதான் பதில் பார்த்தேன். மடியில் மிருதங்கம் கொள்ளாமல் உட்கார்ந்து, "மாத்திரைன்னா காய்ச்சலுக்குப் போடறதாப்பா?" என்றாயே. இரண்டும் ஒரே சொல்தான். வடமொழியில் 'மா' என்றால் அளத்தல். அளந்து கொடுக்கிற மருந்தும் மாத்திரை, அளந்து கொள்கிற காலமும் மாத்திரை. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் தாளத்தின் உறுப்புகளுக்குக் கணக்கே தருகிறார்: கொட்டு அரை மாத்திரை, அசை ஒன்று, தூக்கு இரண்டு, அளவு மூன்று.

சரி, ஒரு மாத்திரை எவ்வளவு நேரம்? கண் இமைக்கிற நேரம், விரல் நொடிக்கிற நேரம் என்கிறது தொல்காப்பியம். கடிகாரத்தில் நாம் சொல்கிற நொடி அந்த விரல் சொடுக்குதான். நன்னூல் இன்னும் ஒரு சொல் சேர்க்கிறது: 'இயல்பெழு மாந்தர் இமைநொடி'. யாருடைய இமையும் ஆகாது, இயல்பாக இருக்கிறவனுடைய இமை வேண்டும். அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

தாளத்தில் மூன்று மூன்றாகப் போனால் திஸ்ர நடை, ஐந்தைந்தாகப் போனால் கண்ட நடை என்கிறோமே, அதுவும் கால் நடக்கிற நடைதான். பொங்கலுக்கு வந்திருந்தபோது மூன்று ராத்திரியும் மொட்டைமாடியில் உன் நடை கேட்டது. நாலு அடி, ஒரு நிறுத்தம், இரண்டு அடி. காலப்பிரமாணம், அந்தச் சீரான வேகம், ஒரு நிலையில் நிற்கவே இல்லை. துவைக்க எடுத்த உன் பையில், பக்க ஜிப்பில் ஓர் அட்டையை அம்மா பார்த்திருக்கிறாள். பத்தில் ஆறு காலி. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

நீ அனுப்பிய பணத்தில் மிருதங்கத்துக்கு வலந்தலை, அந்த வலப்பக்கத் தோல், மாற்றியாயிற்று. நாதம் கணீரென்று இருக்கிறது. தம்பி போட்டுக் கொடுத்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஆனால் பணம் வருகிறது, போனைத்தான் நீ எடுப்பதில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அன்று உனக்குப் பதில் சொல்லாமல் புளியங்குச்சியால் முழங்கையில் போட்டேன். கேள்வி தப்பு என்பதால் இல்லை, எனக்கு விடை தெரியாததால். மற்றப் பிள்ளைகள் எதிரில் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை. வலித்தாலும் சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தை உனக்குக் கொடுத்தது நான்தான் தம்பி.

டாக்டர் எழுதிய அளவுக்கு மேல் எதையும் போடாதே. ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு. இப்போதெல்லாம் நானும் விழித்துத்தான் இருக்கிறேன்.

அப்பா